திருக்குணகிரித் தேவருக்கு ஒரு விளக்கு

சடையமாறன் என்ற பாண்டியனின் 20ஆம் ஆட்சியாண்டில், கம்பம் பள்ளத்தாக்கில் இன்றைய உத்தமபாளையத்தை ஒட்டிய பாறையொன்றில் ஒரு கொடைச் செய்தி வெட்டப்பட்டது. திருக்குணகிரித் தேவருக்கு விளக்கு எரிக்க யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள். எழுத்து வட்டெழுத்து. காலம் கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முதல் பகுதி. அந்தத் தேவர் சமணத் தீர்த்தங்கரர். விளக்கு எரிந்த இடம் ஒரு சமணப் பள்ளி.

கம்பம் பள்ளத்தாக்கின் இடைக்கால வரலாற்றைப் பேச வருபவர்கள் பெரும்பாலும் சின்னமனூர்ச் செப்பேடுகளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். அரசனின் புகழ் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சிற்றூரில் ஒரு வழிபாட்டிடம் எப்படி எழுந்தது, எதனால் நடந்தது, யார் கையில் பிழைத்தது என்று கேட்டால் உத்தமபாளையத்துப் பாறையையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை. ஒன்று கோட்டையிலிருந்து பேசுகிறது, மற்றது ஊரிலிருந்து பேசுகிறது.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவில் சுருளியாறும் முல்லையாறும் நனைக்கும் நீண்ட சமவெளி. 1895இல் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணையின் நீர் வந்த பிறகே இந்த மண் இருபோகத்துக்குப் பேர் பெற்றது. அதற்கு வெகுகாலம் முன்பே இது ஒரு பெருவழி. மதுரையிலிருந்து வைகைக் கரையோடு மேற்கே வந்து, இந்தப் பள்ளத்தாக்கில் ஏறி, குமுளிக் கணவாய் வழியாகச் சேர நாட்டில் இறங்கலாம். மதுரைக்கு மேற்கே கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம், அணைப்பட்டியை அடுத்த சித்தர்மலை என்று தமிழிக் கல்வெட்டுகளோடு கூடிய கற்படுக்கைகள் இந்தத் தடத்தில் வரிசையாக வருகின்றன. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழி நடுகற்கள், இந்த வட்டாரத்தில் எழுத்தறிவு எவ்வளவு பழையது என்பதை உலகத்துக்கே காட்டின. வணிகர் நடந்த வழியில் துறவிகள் தங்கினார்கள். துறவிகள் தங்கிய இடத்தில் ஊரார் சோறும் எண்ணெயும் கொடுத்தார்கள். திருக்குணகிரியும் அப்படி ஒரு வழித்தங்கலாகத் தொடங்கியிருக்கலாம்.

சமணப் பள்ளி என்றதும் கோபுரமும் பிராகாரமும் உள்ள கட்டடத்தை எண்ணிக்கொள்ள வேண்டாம். பாண்டிய நாட்டில் பள்ளிக்கு அடித்தளமே இயற்கைப் பாறைதான். மழைநீர் உள்ளே வழியாதபடி முன்னோக்கி நீண்ட பாறை முகம் வேண்டும்; பக்கத்தில் வற்றாத சுனை ஒன்று இருந்தால் நல்லது; பிச்சைக்குப் போய்வரும் தொலைவில் ஊர் இருக்க வேண்டும், ஆனால் ஊரின் இரைச்சல் எட்டக் கூடாது. பழைய குகைத்தளங்களில் விளிம்புக்கு மேலே ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறையில் வழியும் நீர் அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும்; உள்ளே படுத்திருப்பவர் நனையமாட்டார். கட்டடக் கலை என்று சொல்லத்தக்க முதல் வேலை அந்த ஒரு கோடுதான். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் துறவிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர்கள் உருவம் எதையும் செதுக்கவில்லை; தலைப்பக்கம் சற்றே உயர்த்திய கற்படுக்கைகளை மட்டும் விட்டுச் சென்றார்கள்.

எட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு நிலைமை மாறியது. படுக்கை வெட்டிய சமயம் உருவம் வெட்டத் தொடங்கியது. கழுகுமலை, ஆனைமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை, ஐவர்மலை, சிதறால் என்று பாண்டிய நாடெங்கும் பாறை முகங்களில் தீர்த்தங்கரர் வரிசை எழுந்தது. உத்தமபாளையம் அந்த அலையைச் சேர்ந்தது.

பாறை முகத்தில் இரண்டு வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். சிலர் அமர்ந்திருக்கிறார்கள், சிலர் நின்றிருக்கிறார்கள். நிற்கும் கோலத்தில் கைகள் உடலைத் தொடாமல் முழங்காலை நோக்கித் தொங்குகின்றன. அசையாமல் தவத்தில் நிற்பதன் அடையாளம் அது. அமர்ந்தவர் மடியில் உள்ளங்கை மேல் உள்ளங்கை. அருகே போய் நின்று பார்த்தால் சிற்பியின் கட்டுப்பாடு புரியும். காதுமடல் நீண்டிருக்கிறது, காதில் அணி இல்லை. மார்பில் ஒரு நூலிழைகூட இல்லை. தலைக்கு மேலே மூன்று அடுக்குக் குடை மட்டும். இரு பக்கமும் சாமரம் வீசுவோர். துறந்தவருக்கு ஒன்றுமில்லை, துறவைப் போற்றுபவர்களுக்கு எல்லாம் உண்டு என்ற சமண நினைப்பு முழுதும் இந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாம்பு படம் விரித்துக் குடை பிடித்தால் அவர் பார்சுவநாதர். தவத்தைக் குலைக்கக் கமடன் கல்மழை பொழிந்தபோது நாகர் தலைவனான தரணேந்திரன் காத்த கதையைக் கழுகுமலையிலும் ஆனைமலையிலும் விரிவாகவே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தவருக்குப் படம் விரித்த நாகம் ஒன்றே போதும்.

கருங்கல்லில் இப்படி வெட்டுவது மெதுவான வேலை. முதலில் பாறையைச் சிறு மாடம்போலக் குடைந்து, நடுவில் உருவத்துக்கான கல்லை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி உருட்டி எடுக்க வேண்டும். ஆழம் சில விரற்கடைதான். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக விழும்போது மட்டும் உடலின் வளைவு முழுதாக எழும். இன்று வெறுங்கல்லாக நிற்பதைப் பார்த்து அன்றும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஆனைமலைச் சிற்பங்களில் சுதைப் பூச்சும் வண்ணமும் ஒட்டியிருந்த தடயங்கள் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் இந்தப் பள்ளிகளுக்கு வந்தவர்கள் நிறத்தோடு கூடிய தேவரை விளக்கொளியில் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

சிற்பங்களின் கீழே பெயர்கள் இருக்கின்றன. உருவத்தைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. அச்சணந்தி, அரிட்டநேமி, அனந்தவீரர். இவர்களில் அச்சணந்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். வடக்கே வள்ளிமலை முதல் தெற்கே சிதறால் வரை, ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, ஐவர்மலை என்று தமிழகத்தின் எத்தனையோ சமணக் குன்றுகளில் இந்தப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. கீழக்குயில்குடியில் அவருடைய தாய் குணமதியாரின் பெயரும் உண்டு. சாலையும் வண்டியும் இன்றிருப்பதுபோல் இல்லாத காலத்தில் இத்தனை குன்றுகளில் ஒருவரின் தூண்டுதலால் சிற்பம் எழுந்தது என்றால், அதன் பின்னே ஆசிரியர் மாணாக்கர் வரிசையும் பள்ளிகளுக்கிடையே இடைவிடாத போக்குவரத்தும் இருந்தாக வேண்டும். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் ஒரு பள்ளியின் துறவி இன்னொரு பள்ளிக்கு வந்து திருமேனி செய்விப்பதைத் திரும்பத் திரும்பக் காணலாம். மலை மூடிய கம்பம் பள்ளத்தாக்கு அந்த வலைக்கு வெளியே இல்லை என்பதற்கு உத்தமபாளையத்துப் பாறையே சாட்சி.

பொதுவாக நிலவும் ஓர் எண்ணத்தை இங்கே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மதுரைக்கு வந்தார், பாண்டியன் சைவனானான், எண்ணாயிரம் சமணர் கழுவேறினர், அதோடு சமணம் முடிந்தது என்று ஒரு கதை நம் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. கல்வெட்டுகள் அந்தக் கதைக்கு இசைந்து வரவில்லை. சீமாற சீவல்லபன் காலத்தில் சித்தன்னவாசல் அறிவர் கோயிலை இளங்கௌதமன் புதுப்பித்தார். சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், ஐவர்மலையில் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் சாந்திவீரக் குரவர் புதுக்கி, 505 காணம் பொன் வைத்தார். வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு என்ற குறிப்பும் அதில் இருப்பதால் பாண்டியர் காலவரிசையையே அந்தச் சமணக் கல்வெட்டைக் கொண்டுதான் நிறுத்துகிறார்கள். சிதறாலில் குணந்தாங்கி குரத்திகள் என்ற பெண் துறவி பள்ளியின் பெண் தெய்வத்துக்குப் பொன் அளித்தார். கழுகுமலையில் தச்சரும் குயவரும் திருமேனி செய்வித்தார்கள். கழுவேற்றக் கதைக்கு இருநூறு ஆண்டு கழித்து நடந்தவை இவை. அரசவையில் சமணத்தின் பிடி தளர்ந்தது உண்மையாக இருக்கலாம். ஊரில் அது தளரவில்லை.

அந்த அரசவைக்கு இப்போது போவோம். உத்தமபாளையத்துக்கு வடக்கே சின்னமனூர். கல்வெட்டுகள் இந்த ஊரை அளநாட்டு அரிகேசரிநல்லூர் என்கின்றன. ஊரின் சிவன் கோயிலை ராஜசிம்மேச்சுரம் என்கின்றன. இன்று பூலாநந்தீசுவரர், சிவகாமியம்மன் என்ற பெயர்களில் வழிபாடு நடக்கிறது. பூலாப் புதரில் லிங்கம் வெளிப்பட்டதையும், வணங்க வந்தவரின் உயரத்துக்கேற்ப ஈசன் நின்றதையும், ராஜசிம்ம பாண்டியன் அவரைத் தழுவியதையும் தல புராணம் சொல்கிறது. சின்னமனூரில் கிடைத்த இரண்டு செப்பேட்டுத் தொகுதிகளில் பெரியது இந்த ராஜசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நற்செய்கைப்புத்தூர் என்ற ஊரை மந்தரகௌரவமங்கலம் என்று புதுப் பெயரிட்டு ஓர் அந்தணருக்கு அளித்த ஆவணம் அது. வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழில் செய்வித்ததையும் குலப்பெருமையாகச் சொல்வதால் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் இந்தச் செப்பேட்டுக்கு நிலையான இடம் உண்டு. 1929இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் இறுதிப் பகுதியில் கிருஷ்ண சாஸ்திரி இதைப் பதிப்பித்தார்.

செப்பேட்டில் ராஜசிம்மன் தஞ்சைக் கோனை நெய்ப்பூரில் வென்றவன், கொடும்பையில் பொருதவன், வஞ்சியை எரித்தவன். பிரமதேயம், தேவதானம், பள்ளிச்சந்தம் மூன்றும் அளித்தவன் என்றும் அது அவனைப் பாராட்டுகிறது. முதல் இரண்டும் அந்தணருக்கும் கோயில்களுக்கும் விடும் நிலம்; மூன்றாவது, சமணப் பள்ளிகளுக்கு விடும் நிலம். சைவ மன்னன் ஒருவனின் புகழ்ப்பட்டியலில் பள்ளிச்சந்தமும் சேர்ந்தே வருவதை, திருக்குணகிரியின் பக்கத்தூரிலிருந்து வந்த ஆவணத்திலேயே காண முடிகிறது.

வெற்றிப் பட்டியலைத் தாண்டி நடந்தது வேறு. 907இல் பட்டமேறிய பராந்தகச் சோழன் சில ஆண்டுகளிலேயே ‘மதிரை கொண்ட’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டான். ராஜசிம்மன் ஈழத்தின் ஐந்தாம் காசியபனிடம் படை கேட்டான். 915ஐ ஒட்டி வெள்ளூரில் இரு படையும் தோற்றன. பாண்டியன் முடியையும் மற்ற அரசுச் சின்னங்களையும் தூக்கிக்கொண்டு ஈழம் போனான். அவற்றை அங்கேயே விட்டுவிட்டுத் தாய் வானவன்மாதேவியின் சேர நாட்டுக்குச் சென்று அடைக்கலமானான். அந்த முடியை மீட்க ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1017ஐ ஒட்டி, ராஜேந்திர சோழன் வர வேண்டியிருந்தது.

சடையன் மகன் மாறன் என்ற பெயர் முறைப்படி, உத்தமபாளையக் கல்வெட்டின் சடையமாறன் இந்த ராஜசிம்மனே என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அது சரியானால் 20ஆம் ஆட்சியாண்டு 920ஐ ஒட்டி வரும். வெள்ளூரில் தோற்று, மதுரை கைமாறிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் மலையடிவாரத்து ஊரொன்றில் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த அரசனின் ஆட்சியாண்டைத் தலைப்பில் இட்டு, பள்ளியின் விளக்குக்குக் காசு வைத்திருக்கிறார். அரசியல் வரலாறும் வழிபாட்டு வரலாறும் வேறு வேறு வேகத்தில் நடந்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

காசு கொடுத்தால் விளக்கு எப்படி எரியும்? முதல் அப்படியே நிற்கும். அதன் பொலிசையில், அதாவது வட்டியில்தான் எண்ணெய் வாங்க வேண்டும். இந்த முறையைப் பெரிய அளவில் காட்டுவது வரகுணனின் திருச்செந்தூர்க் கல்வெட்டு. 1400 காசைப் பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் என்று வட்டி வகுத்து, முருகனின் ஆண்டுச் செலவு முழுவதையும் அதில் அடக்கினார்கள். காசு இல்லாதவர் ஆடு கொடுத்தார். சோழ நாட்டில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. மேய்ப்பவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்து குட்டி சேர்ந்து மந்தை குறையாமல் நிற்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர்.

இதே ஏற்பாட்டை எங்கோ இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மோர்பாத் என்ற சிற்றூர்த் தேவாலயத்திலும் பார்க்கலாம். 1520 முதல் 1574 வரை அங்கே பங்குக் குருவாக இருந்த கிறிஸ்டபர் டிரிக்கி எழுதிவைத்த கணக்குகள் எஞ்சியிருக்கின்றன. மாதா சுரூபத்துக்கும் புனிதர் சுரூபங்களுக்கும் முன்னால் மெழுகுவிளக்கு எரிய ஊரார் ஆடுகளை நேர்ந்துவிட்டார்கள். ஒவ்வோர் ஆட்டையும் ஒரு வீட்டார் வளர்த்துக் கம்பளியின் வருமானத்தைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார்கள். சீர்திருத்தச் சமய ஆட்சி 1540களின் இறுதியில் சுரூப விளக்குகளைத் தடைசெய்தபோது அந்த ஆட்டுக் கணக்கும் முடிந்தது. கல் வேறு, கடவுள் வேறு, காலம் அறுநூறு ஆண்டு பிந்தியது. ஆனால் சிற்றூர் வழிபாட்டிடம் ஒன்றை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பது ஊராரின் சிறுகொடைதான் என்பது இரண்டிலும் ஒன்றே. 

திருக்குணகிரி விளக்கும் ஒருநாள் அணைந்தது. சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் ஊன்றிய பிறகு கல்வெட்டுகளில் வட்டெழுத்து மறைந்து இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம் பரவியது. வட்டெழுத்து கேரளத்தில் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. சில தலைமுறையில் பாறையில் எழுதியிருப்பது என்ன என்று ஊராருக்கே படிக்கத் தெரியாமல் போனது. அமர்ந்திருப்பவர் யார் என்பதும் மறந்தது. அந்த இடத்துக்குக் கருப்பணசாமி வந்தார். இன்றும் ஊரில் வழி கேட்டால் கருப்பணசாமி கோயில் பாறை என்று சொன்னால்தான் தெரியும்.

இந்த மாற்றத்தை ஆக்கிரமிப்பு என்று எழுதுபவர்கள் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தச் சொல் பொருந்தாது. கீழக்குயில்குடிச் சமணர் மலையின் அடியில் அய்யனாரும் கருப்பும் நிற்கிறார்கள். சிதறால் பள்ளி 13ஆம் நூற்றாண்டில் பகவதி கோயிலானது. நாகர்கோயில் நாகராசா கோயிலில் 16ஆம் நூற்றாண்டு வரை குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணப் பெரியோர் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பாம்புப் படத்தடியில் நின்ற தீர்த்தங்கரர் இன்றும் அங்கே தூணில் இருக்கிறார். வழிபாடு தொடர்ந்த பாறைக்குக் காவல் இருந்தது. சாமி இருக்கும் கல்லில் சுத்தியல் வைக்க யாருக்கும் துணிவு வராது. கருப்பணசாமி இல்லையென்றால் உத்தமபாளையத்துச் சிற்பங்கள் எப்போதோ சல்லிக் கல்லாகிச் சாலையில் கலந்திருக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. மதுரை வட்டாரத்தில் கல்குவாரிகள் குன்றுகளைத் தின்ற கதை அனைவருக்கும் தெரியும்.

கட்டடமாக நிற்கும் கோயில்களுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. சின்னமனூர் போன்ற ஊர்க் கோயிலில் வரலாறு எழுதப்பட்டிருக்கும் இடம் அதிட்டானம். தரையிலிருந்து உபானம், அதன்மேல் பட்டையான ஜகதி, உருண்டோ பட்டை தீட்டியோ அமைந்த குமுதம், உள்வாங்கிய கண்டம், மேலே பட்டிகை. எழுத்து வெட்ட வாகான சமதளம் ஜகதியும் குமுதமும்தான். அதனால் நிலக்கொடையும் விளக்குக்கொடையும் சபை முடிவுகளும் முழங்கால் உயரத்தில் கோயிலைச் சுற்றி ஓடுகின்றன. திருப்பணி என்ற பெயரில் பிராகாரத் தரையை உயர்த்தும்போது முதலில் புதைவது அந்த வரிகள். மணல்வீச்சு இயந்திரத்தால் சுவரைத் துடைத்தால் எழுத்தின் விளிம்பே மழுங்கிப்போகும். பளிங்குக் கல் பதித்தால் எல்லாமே மறையும். பக்தியோடு செய்யப்படும் இந்த வேலைகளே ஊரின் பத்திரங்களை அழிக்கின்றன. குடமுழுக்குக்கு நாள் குறிக்கும் முன் கல்வெட்டு இருக்கும் கல் ஒவ்வொன்றையும் படியெடுத்து, தரை மட்டத்தை அதற்குக் கீழே வைக்க வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்கள் நிபந்தனையாகவே போடலாம்.

பாறைக்கும் இது பொருந்தும். மதுரையை அடுத்த அரிட்டாபட்டியை 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அதைச் சூழ்ந்தது. சுற்று வட்டார ஊர்கள் திரண்ட பின்பே 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த ஊராருக்குத் தங்கள் குன்றில் தமிழிக் கல்வெட்டும் சமணத் திருமேனியும் பாண்டியர் குடைவரையும் இருப்பது தெரிந்திருந்தது. அந்த அறிவே போராட்டத்துக்கு வாதமானது. உத்தமபாளையத்துக் கல்வெட்டுகளை 1905இலேயே அரசுக் கல்வெட்டுத் துறை படியெடுத்துவிட்டது. படிகள் அலுவலகத்தில் இருக்கின்றன, பாறை ஊரில் இருக்கிறது. அதே ஊரில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இயங்குகிறது. தமிழ் படிக்கும் மாணவருக்கு வட்டெழுத்தின் வரிவடிவங்களைக் கற்றுக்கொள்ளச் சில வாரம் போதும். கற்றுக்கொண்டு சாய்வெயில் விழும் நேரமாகப் பாறைக்குப் போனால், அச்சணந்தியின் பெயரை அவர்களே எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். கருப்பணசாமிக்குப் பொங்கல் வைக்க வரும் குடும்பங்களுக்கும் படித்துக் காட்டலாம்.